பூ வைத்தவளின் பங்கு

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தது குழம்பு சரியில்லை என்பதற்காக இல்லை. இதை முதலில் உன் மனைவியிடம் சொல்லிவிடு. அந்தப் பிள்ளை பாவம், புளி தூக்கலோ, மீன் பழசோ என்று பஸ் ஸ்டாண்டு வரை கேட்டுக்கொண்டே வந்தாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. என்னைச் சாப்பிடவிடாதது நீ பேசிய பேச்சு.

என்ன பேசினாய் என்று உனக்கே நினைவிருக்காது. உனக்கு அது ஆபீஸ் பேச்சு. அடுத்த மாசம் கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போகிறாய். உதவிப் பணம் வாங்கும் குடும்பங்களுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று விதி எழுதப் போகிறவர்களில் நீயும் ஒருத்தன். அதுவரைக்கும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பெண்ணின் கதையை எடுத்தாய். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், மூன்று பிள்ளைகள், மாசாமாசம் உதவிப் பணம் வாங்குகிறவள். விசாரிக்கப் போன ஆள் அவள் வீட்டுக் குப்பைக் கூடையில் கேக் பெட்டியைப் பார்த்திருக்கிறான். சின்னவனுக்குப் பிறந்தநாளாம், சுவரில் பலூன் கட்டியிருந்தாளாம். "கேக் வாங்கக் காசு இருக்கிறவளுக்கு அரிசிக்குக் காசு எதுக்கும்மா? வரி கட்டுறவன் அவன் பிள்ளைக்கே கேக் வாங்க யோசிக்கிறான். வயித்துக்குக் குடுக்கலாம், ஆடம்பரத்துக்கு எப்படிக் குடுக்கிறது?" என்றாய். உன் மனைவி, "ஒரு கேக்குதானேங்க" என்றாள். நீ அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வையை உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுத்துக் கோணலாக இருக்கும், பொறுத்துப் படி.

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி உனக்கு நான் சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். உன் அப்பா சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனார், திரும்பவில்லை, நாம் மரவள்ளிக் கிழங்கு தின்று பிழைத்தோம், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். அப்போது நாம் மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிக் கம்பம் என்கிற குடியிருப்புக்குப் பின்பக்கம் ஒரு பலகை வீட்டு வரிசையில் இருந்தோம். ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. உன் அப்பா டவுனில் ரோட்டு வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த வேலை நின்றுபோனது. மூன்று மாச வேலை, சாப்பாடு உண்டு, வீட்டுக்குப் பணம் வரும் என்று ஆள் சேர்த்தார்கள். பேர் கொடுக்காதவன் வீட்டு அரிசி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அவர் போனார் என்று சொல்வதா, கொண்டுபோனார்கள் என்று சொல்வதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகிற தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். தண்டவாளம் போன சயாமுக்கே எங்கள் ஆட்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உனக்கு அப்போது ஒன்றரை வயசு. "பையனுக்கு நான் வந்துதான் மொட்டை போடணும், நீயா போட்டுடாதே" என்று லாரியில் நின்றபடி சொன்னார். அதற்காகவே உன் தலைமுடியை இரண்டு வருஷத்துக்கு மேல் வெட்டாமல், எண்ணெயும் இல்லாமல், சடை பிடிக்கப் பிடிக்க வைத்திருந்தேன்.

அதே லாரியில்தான் அடுத்த அறை மரகதத்தின் வீட்டுக்காரரும் போனார். நீ சின்னம்மா என்று கூப்பிடுகிற அதே மரகதம்தான். இப்போது செமாபோக்கில் மகள் வள்ளியோடு இருக்கிறாளே, அவள். அப்போது அவளுக்கு இருபது, இருபத்தொன்று வயசு இருக்கும். வள்ளிக்கு நாலு வயசு. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அவள் வீட்டில் இருமினால் என் வீட்டில் கேட்கும்.

எங்களைப்போல் சயாமுக்கு ஆளைக் கொடுத்துவிட்டு நின்ற குடும்பங்களுக்காக டவுனில் கடை வைத்திருந்த தமிழர்கள், முஸ்லிம்களும் இந்துக்களுமாகச் சேர்ந்து, ஒரு கமிட்டி வைத்தார்கள். கடைக்குக் கடை மாசாமாசம் வசூல். வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி வாசலில் வைத்துப் பங்கு கொடுப்பார்கள். கொஞ்சம் உடைந்த அரிசி, மரவள்ளிக் கிழங்கு, உப்பு. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர்கள் கடை அலமாரியும் காலியாகத்தான் இருந்தது. ஜப்பான்காரன் அடித்த வாழைமரம் போட்ட நோட்டுக்கு நாளுக்கு நாள் மதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. தன் பிள்ளைகளுக்கு ஒரு வேளையைக் குறைத்துக் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். இதை நீ மறக்கக் கூடாது. நான் அவர்களைத் திட்ட இதை எழுதவில்லை.

பங்கு வாங்க நிற்கும் வரிசையில் நான் ஒரு சாமர்த்தியம் கண்டுபிடித்தேன். வாங்கித் தின்கிறவள் வாங்கித் தின்கிறவள் மாதிரி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நெற்றிக் குங்குமத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துவிடுவேன். இருப்பதில் கிழிந்த சேலையைக் கட்டுவேன். உன் சட்டையைக் கழற்றி, விலா எலும்பு தெரிய இடுப்பில் வைத்துக்கொள்வேன். அளந்து போடுகிறவர் பார்த்துவிட்டு ஒரு கிழங்கு கூடப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டுக் குங்குமத்தைத் திரும்ப வைத்துக்கொள்வேன். மற்ற பெண்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். புருஷன் உயிரோடு வர வேண்டும் என்று காலையில் சாமியைக் கும்பிட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை அதுவுமாக, வெறும் நெற்றியோடு வரிசையாக நிற்போம். எங்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பசி அப்படி.

மரகதம் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தாலிக்கயிற்றில் மஞ்சளைத் தேய்த்து, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்து, ஈரத்தலையில் ஒரு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பாள். நான் ஒரு நாள் சொன்னேன், "ஏண்டி, கல்யாண வீட்டுக்கா வந்திருக்கே? இப்படி வந்தா உனக்கு எவன் அளந்து போடுவான்? துடைச்சுட்டு வாயேன், வீட்டுக்குப் போயி வச்சுக்கோ." அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். "அரிசிக்காகப் பொட்டை அழிக்கச் சொல்றீங்களாக்கா? அவரு அங்க என்ன பாடு படுறாரோ. நான் இங்கேருந்து அவருக்கு வேற என்ன செய்ய முடியும்? இது ஒண்ணுதானே." எனக்குக் கோபம்தான் வந்தது. என் கோபம் உனக்குத்தான் தெரியுமே.

அந்தப் பூ எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்தக் கடிதத்தில் நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். செட்டிக் கம்பத்தில் ஒரு பெரிய வீட்டம்மா இருந்தார்கள். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். தமிழில் வாயில் வருவது நாலு வார்த்தைதான். அவர்கள் வீட்டு வேலி ஓரத்தில் மல்லிகை மண்டிக்கிடக்கும். மரகதம் ஒரு நாள் அந்த வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தம்மா வெளியே வந்து, "அம்பேக்லா, நாந்தி லாயு" என்று அவள் முந்தானையில் அள்ளிப் போட்டார்கள். எடுத்துக்கொள், விட்டால் வாடித்தானே போகும் என்று. அன்றைக்கு நானும் கூட இருந்தேன். எனக்கும் ஒரு கை போட்டார்கள். நான் அதைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு வைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் மரகதம் போய் அந்த வாசலைப் பெருக்கிவிட்டுப் பூ பறித்து வருவாள். குங்குமம் கோயிலில் கொடுப்பது. அவள் தலையிலும் நெற்றியிலும் இருந்த எதற்கும் யாரும் ஒரு காசு செலவழிக்கவில்லை.

அப்படியிருந்தும் எனக்கு அவளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நானும் வியாழக்கிழமை அவளோடு போயிருக்கலாம். அந்தம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நான் போகாததற்குக் காரணம், நான் பஞ்சத்தில் அடிபட்டவளாகவே இருக்க முடிவு செய்துவிட்டதுதான். அவள்மேல் இருந்தது, நான் துடைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் இவள் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, இவளுக்கும் பங்கு கிடைக்கிறதே என்ற பொறாமைதான். வேறு ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில் கமிட்டியில் ஒரு சண்டை வந்தது. துணிக்கடை ராவுத்தர் ஒருவர், "பொம்பளைங்க தலை வறண்டு கிடக்குது, பிள்ளைங்களுக்கு மேலெல்லாம் சொறி. மாசம் ஒரு சிரட்டை தேங்காய் எண்ணெயும் ஒரு துண்டு சவுக்காரமும் சேர்த்துக் குடுப்போம்" என்றார். வாசலில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது. மளிகைக்கடை முதலாளி ஒருவர் எழுந்துவிட்டார். நல்ல மனுஷன், மற்றவர்களைவிட அதிகம் கொடுத்தவர். "பாய், உயிர் நிக்கிறதுக்குக் குடுங்கன்னா குடுக்கிறேன். என் வீட்டுல எண்ணெய் கண்டு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? என் பொண்ணு தலையில பூ இல்ல. வாசல்ல போயிப் பாருங்க, நம்மகிட்டப் பங்கு வாங்குற ஒரு பொண்ணு தலை நிறையப் பூ வச்சுக்கிட்டு நிக்குது. என் வீட்டுக்காரி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். ராவுத்தர், "அந்தப் பொண்ணு சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு" என்று என்னவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. எண்ணெயும் இல்லை, சவுக்காரமும் இல்லை என்று முடிந்தது. முதலாளி சொன்னதில் பொய் இல்லை, ஐயா. அவர் மகள் தலையில் பூ இல்லாதது உண்மைதான். நீ கேக்கைப் பற்றிச் சொன்னதிலும் பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் கமிட்டியில் கணக்கு எழுதுகிற கிராணி வீடு வீடாக விசாரிக்க வந்தார். மரகதம் அப்போது ஆற்றோரம் கீரை பறிக்கப் போயிருந்தாள். கிராணி என் வாசலில் நின்று, "பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு வேற ஏதாவது வருமானம் வருதாம்மா? பூ எல்லாம் வாங்குதே" என்றார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். செட்டி வீட்டம்மா கொடுக்கிற பூ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. நான் சொன்னது இதுதான். "எனக்கென்னங்க தெரியும். என் வீட்டுல பூ வாசம் வந்து ஒரு வருஷமாச்சு." அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாமி படத்துக்கு வைத்த அந்த ஒரு கைப் பூவை எண்ணினால் அதுவும் பொய்தான்.

மறு வெள்ளிக்கிழமை மரகதத்தின் பேரைக் கூப்பிடவில்லை. அவள் கடைசிவரை நின்றுவிட்டுப் போய்க் கேட்டாள். "பூ வாங்க வழியிருக்கிறவங்களுக்கு இல்லம்மா, ஒண்ணுமே இல்லாதவங்க நிறையப் பேரு இருக்காங்க" என்று கிராணி சொன்னார். "நான் வாங்கலீங்க, சும்மா குடுத்தாங்க" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார். அவள் திரும்பி வரிசையைப் பார்த்தாள். நான் உன் மூக்கைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவள் பங்கைக் கைக்குழந்தை வைத்திருக்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கும் வந்தது. மூன்று கிழங்கும் ஒரு பிடி அரிசியும். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அரிசியைக் குழையக் கஞ்சி வைத்து உனக்குத்தான் ஊட்டினேன். நீ வயிறு நிறையக் குடித்துவிட்டு அன்றைக்குச் சிரித்தாய். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் வள்ளி, "அம்மா, கஞ்சி வாசம் வருது" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்து மூன்று வாரம் மரகதம் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கீரையும் மரவள்ளித் தோலும் அவித்தாள். செட்டி வீட்டம்மா கொஞ்சம் கொடுத்தார்கள், ஆனால் அவர்கள் வீட்டிலும் நிறையத் தலைகள். நான் இரண்டு தடவை கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கே இல்லையேக்கா" என்றாள். அந்தக் கிழங்கே அவளுடையது என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் வள்ளியின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். அப்போது அந்த வீக்கம் முகத்துக்கு ஏறின பிள்ளைகளை எங்கள் பலகை வீட்டு வரிசையிலேயே இரண்டு வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

நாலாவது வெள்ளிக்கிழமை மரகதம் வரிசைக்கு வந்தாள். பூ இல்லை. குங்குமம் மட்டும் இருந்தது. கிராணியின் மேசைக்கு முன்னால் நின்று, முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள். நன்றாகப் போகவில்லை, நெற்றி முழுவதும் சிவப்பாகத் தீற்றிக்கொண்டது. எச்சில் தொட்டு இன்னொரு தடவை துடைத்தாள். கிராணிக்கே முகம் மாறிவிட்டது. அவர் அவள் பேரைத் திரும்ப எழுதிக்கொண்டார், பங்கும் போடச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் என் பக்கத்தில்தான் நடந்தாள். "பொட்டை அழிச்சதும் குடுத்துட்டாங்க, பாத்தீங்களாக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு போர் முடிகிறவரை அவள் பூவும் வைக்கவில்லை, குங்குமமும் வைக்கவில்லை. வீட்டில்கூட வைக்கவில்லை. ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடி வைப்பது சாமியை ஏமாற்றுவது என்றாள். வள்ளி பிழைத்துக்கொண்டாள்.

ஜப்பான்காரன் போன பிறகு சயாமிலிருந்து ஒன்றிரண்டு பேர் திரும்பி வந்தார்கள். அந்த லாரியில் போனவர்களில் ஒரே ஒருத்தர்தான் வந்தார், ஈர்க்குச்சி மாதிரி. உன் அப்பாவும் மரகதத்தின் வீட்டுக்காரரும் ஒரே கொட்டகையில் வாந்திபேதியில் இறந்தார்கள் என்றார். எப்போது என்று மரகதம் கேட்டாள். அங்கே நாள் கிழமை யாருக்குத் தெரியும், பெருமழை விட்ட சமயம் என்றார். மரகதம் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "நான் பொட்டை அழிச்ச நேரந்தான்" என்றாள். யாரிடமும் சத்தம் போட்டு அழவில்லை. "வயித்துக்காக அவரைக் கொன்னுட்டேன்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். என் புருஷனுக்காகவும் அழுதேன், அவள் புருஷனுக்காகவும் அழுதேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாராவாரம் நானும் அழித்துக்கொண்டுதானே நின்றேன், அழித்தால் சாவு வரும் என்றால் உன் அப்பா எத்தனை தடவை செத்திருக்க வேண்டும்? இதை அவளிடம் சொல்லியிருந்தால் அவள் பாரம் பாதியாவது இறங்கியிருக்கும். அதைச் சொல்லத் தொடங்கினால் கிராணியிடம் நான் சொன்னது, அவள் பங்குக் கிழங்கை வாங்கியது, எல்லாமே பின்னாலேயே வந்துவிடும் என்று பயந்தேன்.

இப்போது உன்னைப் பற்றி. உனக்கு ஒன்பது வயசிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு நான் ஆஸ்பத்திரியில் துணி துவைத்த கூலியில் உனக்கு நீலக்கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கியிருந்தேன். புத்தகம் வாங்கப் போகும் அன்று நீ அதைப் போட்டுக்கொண்டு நின்றாய். நான் அதைக் கழற்றச் சொல்லி, அக்குளில் கிழிந்த பழைய சட்டையை மாட்டிவிட்டேன். "புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனா புஸ்தகம் குடுப்பாங்களாடா?" என்றேன். நீ மாட்டேன் என்று அழுதாய். நான் அடித்தேன். கிழிசல் தெரியாமல் கையை இடுக்கிக்கொண்டே மேடை ஏறி நீ புத்தகம் வாங்கியது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. வாங்குகிறவன் கிழிசலோடு நிற்க வேண்டும் என்று அன்றைக்கு உனக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். நீ அதை நன்றாகப் படித்துக்கொண்டாய். சுவரில் பலூன் கட்டிய அந்தப் பெண்ணின் மேல் உனக்கு வருகிற கோபம், அவள் உன்னைப்போல் கையை இடுக்கிக்கொண்டு நிற்கவில்லை என்பதுதான். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். பெற்றவளுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

ரொம்ப நாள் எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பூ இனாம் என்று தெரிந்திருந்தால் கமிட்டி அவளை நீக்கியிருக்காது, ஆகவே என் தப்பு அதைச் சொல்லாததுதான் என்று. உன் பேச்சைக் கேட்ட பிறகு அந்தச் சமாதானமும் போய்விட்டது. அவள் காசு கொடுத்தே வாங்கியிருந்தால்தான் என்ன? தன் பங்குக் கிழங்கில் ஒன்றை விற்று ஒரு முழம் பூ வாங்கியிருந்தாள் என்றே வைத்துக்கொள். அந்தப் பூவை நம்பித்தான் அவள் ஒவ்வொரு வாரத்தையும் தள்ளினாள். அதை எடுத்துவிட்டு நாங்கள் அவளுக்கு அரிசி கொடுத்தோம். உயிர் தங்கியது, மறுக்கவில்லை. எப்படிப்பட்ட உயிர் என்று நாற்பது வருஷமாக நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரி கட்டுகிறவனுக்கும் கஷ்டம் உண்டு. அந்த முதலாளி மாதிரி அவனும் தன் பிள்ளைக்கு வாங்காமல் கொடுக்கிறான். அவனிடம் நீ என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. நான் படிக்காதவள். விதி எழுதும்போது எவ்வளவு கொடுக்கலாம் என்று நீங்களே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அதில் பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் கொஞ்சம் சேர்த்து வை. கொடுத்த பிறகு குப்பைக் கூடையைக் கிளறிப் பார்க்க ஆள் அனுப்பாதே. இது மட்டும் உன்னிடம் நான் கேட்டுக்கொள்வது.

இதை எழுதுவதற்கு முன்னால், நேற்று, செமாபோக்குக்குப் போனேன். உனக்குச் சொல்லிவிட்டு அவளுக்குச் சொல்லாமல் இருந்தால் அது இன்னொரு கெட்டிக்காரத்தனம் ஆகிவிடும். வள்ளி வேலைக்குப் போயிருந்தாள். மரகதம் தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்தேன். பிறகு, கிராணி என்னிடம் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவள் கை நிற்கவே இல்லை. "தெரியும்க்கா" என்றாள். "எனக்குத் திரும்பப் பங்கு போட்ட அடுத்த வாரமே அந்தக் கிராணி சொல்லிட்டாரு. பிள்ளை பசிக்குச் சொல்லியிருப்பீங்கன்னு விட்டுட்டேன். அதை இன்னுமா வச்சுக்கிட்டிருக்கீங்க?" என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம்தான் மற்றதைச் சொன்னேன். "மரகதம், அந்த வரிசைக்கு நான் ஒரு வாரம்கூடப் பொட்டோட வந்ததில்ல. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழிச்சுட்டுத்தான் வந்தேன். நீ ஒரு தடவைதான் அழிச்சே. என் வீட்டுக்காரரும் உன் வீட்டுக்காரரும் ஒரே கொட்டகையில, ஒரே வியாதியில போனாங்க. பொட்டால இல்லடி." அவள் கை அப்போதுதான் நின்றது. நாங்கள் துடைத்துக்கொண்டு நின்றது அந்தக் காலத்தில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதையும் தன் கணக்கையும் அவள் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. கூட நின்றவளே வந்து சொல்லாமல் எப்படிப் பார்ப்பாள்?

"வாராவாரமாக்கா?" என்றாள்.

"வாராவாரம்."

"அப்ப நான் கொல்லலையா?"

"இல்லடி."

மடியிலிருந்த மொச்சையை ஒதுக்கி வைத்தாள். பிறகு சின்னப் பிள்ளை கேட்பதுபோல் அதையே திரும்பக் கேட்டாள். நான் திரும்பச் சொன்னேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஒரு காசு செலவில்லை, ஐயா. நாற்பது வருஷம் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

கடிதம் எழுதினால் கடைசியில் நேரத்துக்குச் சாப்பிடு என்றுதான் உனக்கு எழுதுவேன். இந்தத் தடவையும் அதையேதான் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. சாப்பிட உட்காரும்போது, நீ பிழைத்தது உன் அம்மா வாங்கிய பங்கில் மட்டும் இல்லை, பூ வைத்தவளிடமிருந்து பிடுங்கிய பங்கிலும்தான் என்று நினைத்துக்கொள்.

உன் அம்மா